நான்காம் மணி

மாடியில் எங்கள் லேப்,
கீழே திருவொற்றியூர் நெடுஞ்சாலை.
துறைமுகம் போகும் ஒவ்வொரு கன்டெய்னர் லாரிக்கும்
மைக்ராஸ்கோப் ஒருமுறை கண்சிமிட்டும்.
பார்த்துக்கொண்டிருந்த உலகம் ஓர் இழை நகர்ந்து
திரும்ப வந்து உட்காரும்.

படிவத்தில்: தேசராணி, நாற்பத்தொன்று,
காசிமேட்டில் மீன் வெட்டுகிறவர்.
வலது கட்டைவிரல். சீழ்.
கெளுத்தி முள் குத்தி ஒன்பது நாள்.

கண்ணாடியில் தடவி, சுடரில் காட்டி,
ஊதா ஊற்றி, அயோடின் ஊற்றி,
ஸ்பிரிட்டில் கழுவினேன்.
ஊதா போகவில்லை.
லென்சுக்கு அடியில் குண்டு குண்டாய், கொத்துக் கொத்தாய்.
பாடப்புத்தகம் திராட்சை என்கிறது.
எனக்கென்னவோ
பெண் நண்டின் வயிற்றில் அப்பிய சினை.

மறுநாள் இரத்த அகாரில் தங்கப் பொட்டுகள்,
ஒவ்வொன்றையும் சுற்றி
சிவப்பணு கரைந்துபோன வெற்று வளையம்.
இரத்தமும் நுரைக்கும் என்பதால்
பக்கத்துத் தட்டின் பொட்டைத் தொட்டுப்
பெராக்சைடில் வைத்தேன்.
கோலி சோடா உடைத்த மாதிரி பொங்கியது.

உப்புத் தட்டில்
மற்றவை வாய்பொத்திக் கிடக்கும்.
இது கருவாட்டுக் கொட்டகையில் பிறந்ததுபோல்
அங்கேயே குடித்தனம் நடத்தி
மானிட்டாலைத் தின்று
சிவந்த தட்டை மஞ்சளாக்கியிருந்தது.

மிச்சம் ஒரு கேள்வி.
முயல் பிளாஸ்மா அரை மில்லி,
முப்பத்தேழு டிகிரி,
நான்கு மணி நேரம்.
உறைந்தால் ஆரியஸ்,
நம் இரத்தத்தின் நாரெடுத்தே
தனக்கு மதில் கட்டிக்கொள்கிற ஆள்.
உறையாவிட்டால், பெரும்பாலும்
தோலில் சும்மா குடியிருக்கும் ஒன்று.

ஆறரைக்குப் பார் என்று ஜெபசீலனிடம் சொல்லிவிட்டுப் போனேன்.
காலையில் குழாயைச் சாய்த்தேன்.
தண்ணீர்.

‘தோல் கிருமி’ என்று பாதி எழுதியும்விட்டேன்.
படியேறி வந்து நின்றார் தேசராணி,
கட்டுக்கு மேல் பாலிதீன் பை,
பைக்கு மேல் ரப்பர் பேண்ட்.
“இன்னா மேடம், பூச்சி ஆப்ட்டுதா?”

பேனா நின்றது.
மஞ்சள் தட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

“ஆறரைக்குப் பாத்தியா?”
“கொருக்குப்பேட்டை கேட்ல மாட்டிக்கினேன்க்கா. கூட்ஸு.”
அந்த கேட்டைத் தெரிந்தவர்கள்
மேற்கொண்டு கேட்கமாட்டார்கள்.

கட்டியதைத் தானே கரைக்கவும் தெரியும் இதற்கு.
இரவு முழுக்க விட்டால்
சாட்சியைத் தின்றுவிட்டு
எதுவும் நடக்காத முகத்தோடு நிற்கும்.
இருபது வருட வேலையில் இது எனக்குத் தெரியும்.
தெரிந்தும் பாதி எழுதியிருந்தேன்.

“நாளைக்கு வாங்க.”
“நாளிக்கு போட் வருதே.”
“சாயங்காலமா வாங்க.”

திரும்பவும் போட்டேன், அருகில் உட்கார்ந்தேன்.
ஒன்று. இரண்டு.
மூன்றாம் மணியில் பெரிய லாரி ஒன்று டோல்கேட் பக்கம் திரும்ப,
குழாய்த் தாங்கியை இரு கையாலும் பிடித்துக்கொண்டேன்,
அலையில் சோற்றுப்பானையைப் பிடிப்பதுபோல்.
உறைவது குலுங்கக்கூடாது.

நான்கு.
மெல்லச் சாய்த்தேன்.
நகரவில்லை.
ஓட்டுக்குள் நுங்கு.

முந்தின நாளே வைத்திருந்த செஃபாக்சிடின் வில்லையைச் சுற்றி
வெறும் பதினாறு மில்லிமீட்டர்.
இருபத்திரண்டாவது வேண்டும்.
தெருமுனை மெடிக்கலில்
அவர் கேட்டு வாங்கி விழுங்கிய மாத்திரையெல்லாம்
காசைத்தான் கொன்றிருக்கிறது.

மறுநாள் சாயங்காலம் வந்தார்,
சேலையில் செதில் மினுங்க.
கீறித்தான் எடுக்கணும், மருந்து மாத்தணும்,
இதைக் காட்டாமல் எதையும் வாங்கிப் போடாதீங்க என்றேன்.
எது புரிந்ததோ தெரியவில்லை.
கவரை நீட்டினேன்.
வலது கையைப் பார்த்தார்,
பிறகு என்னைப் பார்த்தார்.

“எடது கைல வாங்கறேன் மேடம்,
தப்பா நெனச்சிக்காத.”

கீழே ஒரு லாரி போனது.
மேசை நடுங்கியது.